பாலைவன எலிக்குத் தண்ணீர் வைக்க வேண்டாமா?

ஜனவரி 6, இரவு 8.40 (கேள்வி, இலங்கை மலைநாட்டுத் தலவாக்கலையிலிருந்து)

மகளுக்குப் பத்து வயது. பிறந்தநாளுக்குக் கண்டியில் ஒரு ஹாம்ஸ்டர் வாங்கிக் கொடுத்தேன். தங்க நிறம், உள்ளங்கைக்குள் அடங்குகிறது. கடைக்காரர் சொன்னது இது: "பாலைவனத்து எலி சார், தண்ணி வைக்காதீங்க. ஈரம் பட்டா செத்துப்போயிரும். சாப்புடுற தானியத்துலேயே அதுக்கு வேண்டிய தண்ணி இருக்கு." பிள்ளை நம்பவில்லை. "தண்ணி குடிக்காம ஒரு உயிரு எப்படிப்பா இருக்கும்" என்று இரண்டு நாளாக என்னைப் போட்டு அரிக்கிறாள். இங்கே காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது, அவ்வளவு குளிர். வளர்த்தவர்கள் சொல்லுங்கள். கடைக்காரர் சரியா, மகள் சரியா?

ஜனவரி 6, இரவு 10.15 (பதில், ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியர்)

மகள் சரி. எழுந்து போய் முதலில் தண்ணீர் வையுங்கள், மிச்சத்தை அப்புறம் வாசிக்கலாம்.

கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. ஓர் எலியைப் பற்றிய உண்மையை இன்னோர் எலியின் தலையில் கட்டிவிட்டார். தண்ணீரே குடிக்காமல் காலம் தள்ளும் எலி இருக்கிறது. கங்காரு எலி என்பார்கள், வட அமெரிக்கப் பாலைவனங்களில் பின்னங்காலால் தத்தித் தத்தித் திரியும். 1940களின் கடைசியில் க்னூட் ஷ்மிட்-நீல்சனும் போடில் ஷ்மிட்-நீல்சனும், கணவனும் மனைவியுமாக, அரிசோனாவில் உட்கார்ந்து அதன் நீர்க்கணக்கைச் சொட்டு விடாமல் எழுதினார்கள். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் இதைக் கரும்பலகையில் வரவு செலவாகவே எழுதிக் காட்டுவதுண்டு. வரவு: 100 கிராம் பார்லி உடம்புக்குள் எரியும்போது உண்டாகும் நீர் 54 கிராம், தானியத்தில் ஊறியிருந்த ஈரம் 6 கிராம். செலவு: மூச்சோடும் தோலோடும் ஆவியாகப் போவது 43.9, சிறுநீர் 13.5, புழுக்கையோடு 2.6. கூட்டிப் பாருங்கள், இரண்டு பக்கமும் 60. தோட்டத்து செக்ரோல் (சம்பளப் பதிவு) என் அப்பாவுக்கு ஒரு மாதமாவது இப்படிச் சரியாக வந்திருந்தால் நாங்கள் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்திருப்போம்.

ஹாம்ஸ்டருக்கு இந்தச் சாமர்த்தியம் இல்லை. 100 கிராம் எடைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10 மில்லிலீட்டர், இரண்டு தேக்கரண்டி தண்ணீர் வேண்டும். கிண்ணத்தில் வைத்தால் படுக்கையை நனைத்துவிடும், உறிஞ்சு போத்தல் நல்லது. போத்தல் வாயிலுள்ள குண்டு அடைத்துக்கொள்கிறதா என்று தினமும் விரலால் தட்டிப் பாருங்கள்.

ஈரம் ஆகாது என்று அவர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. குளிப்பாட்டக் கூடாது. குடிப்பது வேறு, குளிப்பது வேறு.

ஜனவரி 7, காலை 5.50

தூக்கம் வரவில்லை, நேற்று எழுதியது உறுத்திக்கொண்டே இருந்தது. ஹாம்ஸ்டரைப் "பாலைவனத்து எலி" என்பதையே நான் திருத்தாமல் விட்டிருக்கிறேன். அது சிரியாவின் வடக்கு, துருக்கியின் தெற்கு விளிம்பு. வறண்ட சமவெளிதான், ஆனால் மணல்மேடு இல்லை. கோதுமையும் பயறும் விளையும் நிலம். கோடையில் கொளுத்தும், குளிர்காலத்தில் நம் நுவரெலியாவைவிட மோசமாக உறையும்.

1930இல் ஜெருசலேத்துப் பல்கலைக்கழகத்து விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி, அலெப்போவுக்குப் பக்கத்தில் ஒரு வயலைத் தோண்ட வைத்து ஒரு தாயையும் குட்டிகளையும் எடுத்தார். கேட்டவர் சால் அட்லர் என்ற மருத்துவ ஆய்வாளர். மணல் ஈ கடித்து வரும் லீஷ்மேனியா நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார், கையில் இருந்த சீனத்து ஹாம்ஸ்டர்கள் கூண்டில் குட்டி போட மறுத்தன. அஹரோனி கொண்டுவந்தவற்றில் சில செத்தன, சில தப்பி ஓடின, மிஞ்சிய சில உடன்பிறப்புகளிலிருந்துதான் உலகத்துக் கூண்டுகள் நிறைந்தன. தலவாக்கலையில் உங்கள் மகள் மடியில் இருப்பதும் பெரும்பாலும் அந்த ஒரு வளையின் வாரிசுதான். அதே லீஷ்மேனியா, தோலில் புண்ணாக, இப்போது நம் நாட்டு உலர் வலயத்திலும் இருக்கிறது. மலைக்கு மேலே மணல் ஈயின் தொல்லை குறைவு. நமக்கு அட்டை போதும்.

ஜனவரி 7, பகல் 1.10

"இரவுப் பிராணிதானே, பகலில் தூங்கவிடலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம் என்று ஒரு வரியில் முடிக்கப் பார்த்தேன். ஆனால் துருக்கியில் காட்டு ஹாம்ஸ்டர்களைக் கவனித்தவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருந்தது: அவை அதிகாலையிலும் பின்னேரத்திலும், வெளிச்சத்தில்தான் வெளியே வந்தன. ஆய்வகத்தில் எழுபது எண்பது வருஷமாக "இரவுப் பிராணி" என்று எழுதி வைத்ததே கூண்டுக்குள் பார்த்த பழக்கத்தை வைத்துத்தான். ஆனாலும் உங்களுடையது கூண்டு ஹாம்ஸ்டர். பகலில் தூங்கட்டும். தூங்கும்போது கைவிட்டுத் தூக்காதீர்கள், கடித்தால் அதன் மேல் குற்றமில்லை.

இன்னொன்று. துணைக்கு ஒன்று வாங்கலாம் என்று மகள் சொன்னால் சம்மதிக்காதீர்கள். காட்டில் ஒரு வளைக்கு ஓர் ஆள்தான். பெட்டை கூட்டுக்கு வரும் ஆணை அடித்துத் துரத்தும். சினைப்பட்டால் 16 நாளில் குட்டி, பாலூட்டிகளிலேயே மிகக் குறுகிய கர்ப்பம்.

ஜனவரி 7, பகல் 1.25

பிழை. மிகக் குறுகியது என்றால் அமெரிக்க ஒப்பொசம் 12, 13 நாளிலேயே ஈன்றுவிடும், ஆனால் அது பைவிலங்கு. நச்சுக்கொடி உள்ளவற்றில் மிகக் குறுகியவற்றுள் ஒன்று என்று திருத்தி வாசியுங்கள். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது, யாரும் கை தூக்கிக் கேட்காததால் வாய் நீண்டுவிட்டது.

ஜனவரி 9, இரவு 9.30

தண்ணீர் கேள்விக்கே திரும்பி வருகிறேன், ஏனென்றால் பாதி சொல்லிவிட்டு ஓடியிருக்கிறேன். வரவு எப்படி வருகிறது என்று சொன்னேன். செலவைக் கங்காரு எலி எப்படி அடக்குகிறது என்பதுதான் அழகு.

முதலில் சிறுநீரகம். அதற்குள் ஹென்லே வளையங்கள் என்ற கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, ரம்பொடை ரோட்டு மாதிரி இறங்கி ஏறும். அவை நீளமாக இருக்க இருக்க, போகிற நீரைத் திருப்பி இழுக்கலாம். மனிதச் சிறுநீர் எட்டக்கூடிய அதிகபட்சக் கெட்டியைப்போல நாலு மடங்கு கெட்டியாக அது கழிக்கிறது. ஷ்மிட்-நீல்சன்கள் குறும்பாக ஒன்று செய்தார்கள். பார்லிக்குப் பதில் புரதம் மிகுந்த சோயாவைக் கொடுத்தார்கள். புரதம் எரிந்தால் யூரியா சேரும், அதை வெளியேற்ற நீர் வேண்டும், எலிக்கு வேறு வழியில்லை, குடித்தே ஆக வேண்டும். அப்போது வைத்தது கடல்நீர். அதைக் குடித்து எலிகள் பிழைத்தன. நாம் குடித்தால் ஆஸ்பத்திரிதான்.

அடுத்தது மூக்கு. நம்மூரில் காலையில் வாயைத் திறந்தால் புகை வருகிறதே, அது புகை இல்லை, நம் உடம்புத் தண்ணீர். கங்காரு எலி மூச்சை உள்ளே இழுக்கும்போது மூக்கின் உள்சுவர் குளிர்ந்துவிடும். அதே மூச்சு வெளியே வரும்போது அந்தக் குளிர்ந்த சுவரில் பட்டு ஈரத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது. இறைத்த தண்ணீரை வாளி விளிம்பிலேயே வழித்தெடுப்பது மாதிரி.

மூன்றாவது வளை. உண்மையில் முதலில் சொல்லியிருக்க வேண்டியது. மேலே மணல் கால் வைக்க முடியாமல் சுடும்போது, அரை மீட்டர் கீழே பகலா இரவா என்றே வெப்பத்துக்குத் தெரியாது. வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டு எலி பகல் முழுக்க உள்ளே கிடக்கும். விட்ட மூச்சின் ஈரம் வளைக்குள்ளேயே தங்கும், சேர்த்து வைத்த விதைகள் அந்த ஈரத்தைக் குடித்துக்கொள்ளும், பிறகு எலி அந்த விதையைத் தின்னும். தன் மூச்சைத் தானே திரும்பத் தின்கிறது. ஆகவே பாலைவனத்து எலி பாலைவனத்தில் வாழ்கிறது என்பது பாதிக் கதை. அது வாழ்வது ஒரு பொந்தில், அங்கே பாலைவனம் இல்லை.

உங்கள் கூண்டில் மரத்தூள் எவ்வளவு உயரம்? ஓர் அங்குலம் என்றால் அது தரைவிரிப்பு, படுக்கை இல்லை. எட்டு, பத்து அங்குலம் போடுங்கள். கடிதாசியைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துக் கலந்தால் சுரங்கம் இடியாது. ஞாயிறு பத்திரிகை உபயோகப்படும் நேரம் இது.

ஜனவரி 10

தேயிலைத் தூசியைப் படுக்கையாகப் போடலாமா, தொழிற்சாலையில் சும்மா கிடைக்கிறதே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். கஃபீன் இருக்கிறது, எலி கொறிக்கும்.

மணல் குளியல் கேட்டவருக்கு: ஆற்று மணலைச் சலித்து வறுத்து ஆறவைத்து ஒரு தட்டில் வைத்தால் புரண்டு எழும், ரோமத்து எண்ணெயை மணல் எடுத்துவிடும். ஜெர்பில்கள் என்ற வறண்ட நிலத்து எலிகளுக்கு இது சோறு மாதிரி அவசியம். இங்கே இரண்டு நாளில் மணல் நமத்துவிடும், மறுபடி வறுக்க வேண்டும். கடலை வறுக்கும் தாச்சியை எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். அந்த வாரம் முழுக்க எனக்கு வீட்டில் தேத்தண்ணீர் கிடைக்கவில்லை.

ஜனவரி 13, காலை 6.20 (தலவாக்கலை)

ஐயா, இன்று காலை பார்த்தால் பந்து மாதிரிச் சுருண்டு கிடக்கிறது. ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருக்கிறது, மூச்சு இல்லை. மகள் இன்னும் எழும்பவில்லை. அவள் எழும்புவதற்குள் புதைத்துவிடவா?

ஜனவரி 13, காலை 6.31

புதைக்காதீர்கள். கையில் எடுங்கள். ஒரு காலை மெதுவாக மடக்கிப் பாருங்கள், மடங்குகிறதா? மீசையைப் பாருங்கள், ஐந்து நிமிஷம் கண் எடுக்காமல் பாருங்கள். மூச்சு நிமிஷத்துக்கு ஒன்றுதான் வரும், இன்னும் குறைவாகவும் வரலாம்.

அடுப்பருகே வைக்காதீர்கள். வெந்நீரில் போடாதீர்கள். சட்டைக்குள் உடம்போடு சேர்த்து வையுங்கள், அல்லது வெதுவெதுப்பான தண்ணீர் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில். இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். நடுங்கத் தொடங்கினால் பயப்படாதீர்கள், அதுதான் நல்ல அடையாளம்.

ஜனவரி 13, காலை 8.05

என்ன ஆயிற்று?

ஜனவரி 13, காலை 9.40 (தலவாக்கலை)

நடுங்குகிறது ஐயா. மீசை ஆடுகிறது. மகள் எழும்பி அவள் ஜம்பருக்குள் வைத்திருக்கிறாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஜனவரி 13, இரவு 11.00

இப்போது கண் திறந்து நடக்கிறது என்று தொலைபேசியில் சொன்னார். சரி. இனி எழுதலாம்.

தங்க ஹாம்ஸ்டர் குளிர்கால உறக்கம் போகும் பிராணி. அறை 10 பாகைக்குக் கீழே இறங்கி, நாட்கணக்கில் அப்படியே நின்றால் உடம்பை அணைத்துவிடும். விழித்திருக்கும்போது நிமிஷத்துக்கு நானூறு தடவை போல அடிக்கும் இதயம் பத்து, பதினைந்துக்கு வந்துவிடும். உடம்பின் சூடு அறையின் சூட்டுக்குக் கிட்டே இறங்கும். அப்படி மூன்று நாலு நாள் கிடந்துவிட்டு, தானே சூடேறி எழுந்து, சேர்த்து வைத்ததைத் தின்றுவிட்டு, மறுபடி படுக்கும். கூண்டு ஹாம்ஸ்டருக்கு இது ஆபத்து, ஏனென்றால் கொழுப்பும் சேமிப்பும் இல்லாமல் திடீரென்று இறங்குகிறது. எழும்பாமலே போனவையும் உண்டு. தகரக் கூரைக்கு அடியில் வைத்திருக்கிறேன் என்றீர்களே, இன்றைக்கே இடம் மாற்றுங்கள், சுவரை ஒட்டி வேண்டாம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், தெரியாமல் ஒரு தடவை போனதால். 2009 ஜனவரி, கந்தப்பளையில், மகனுக்கு எட்டு வயது. அவன் ஹாம்ஸ்டருக்கு முந்திரி என்று பெயர் வைத்திருந்தான். ஒரு காலை இதேபோலச் சுருண்டு, இதேபோலக் குளிர்ந்து. உயிரியல் ஆசிரியர் நான், கையில் எடுத்தேன், கால் மடங்கியது என்று நன்றாக நினைவிருக்கிறது, இருந்தும் "செத்துப்போச்சு கண்ணா" என்றேன். பிஸ்கட் டின்னில் வைத்து முற்றத்துப் பேரி மரத்தடியில் புதைத்தோம். மகன் ஊதுபத்தி கொளுத்தினான். குளிர்கால உறக்கத்தைப் பற்றி வகுப்பில் எத்தனை தடவை எழுதிப் போட்டிருப்பேன், துருவக் கரடி, வௌவால் என்று. வீட்டுக் கூண்டுக்கும் அதற்கும் ஒரு முடிச்சு இருக்கிறது என்று இரண்டு வருஷம் கழித்து ஒரு கட்டுரையில் வாசிக்கும்வரை தோன்றவேயில்லை. மகனிடம் இன்றுவரை சொல்லவில்லை.

ஜனவரி 14, காலை 7.15

துருவக் கரடி குளிர்கால உறக்கம் போவதில்லை. சினையான பெட்டை குகைக்குள் அடைந்திருக்கும், அவ்வளவுதான். ராத்திரி என்ன மனநிலையில் எழுதினேனோ. வகுப்பிலும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன் என்பது உண்மை, அதற்கு இப்போது யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

ஜனவரி 17

பொங்கல் வேலையில் இரண்டு நாள் வரவில்லை.

குளிர் மட்டும் காரணமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பகலின் நீளமும் ஒரு காரணம். தங்க ஹாம்ஸ்டரின் உடம்பு வெளிச்ச மணிகளை எண்ணும். ஒரு நாளில் பன்னிரண்டரை மணிக்குக் குறைவாக வெளிச்சம் வந்தால் அது குளிர்காலம் என்று எடுத்துக்கொண்டு, விதைப்பையையே சுருக்கிக்கொள்ளும். அலெப்போவில் இது நல்ல கணக்கு. இங்கே? நம் நாட்டில் மிக நீண்ட பகலே பன்னிரண்டரை மணியை ஒட்டித்தான் வரும். ஆக நம்மூருக்கு வந்த ஹாம்ஸ்டருக்கு, வீட்டு மின்விளக்கு கணக்கைக் கலைக்காவிட்டால், வருஷம் பூராவும் மார்கழி. ராத்திரி எட்டு மணிவரை விளக்கு எரியட்டும் என்று நான் சொல்வது இதனால்தான். மின்கட்டணத்துக்கு நான் பொறுப்பில்லை.

ஜனவரி 20

கன்னத்துப் பையில் திணித்துத் திணித்து மூலையில் கொண்டுபோய்க் கொட்டுகிறது, தட்டு எப்போதும் காலி, கூடுதலாக வைக்கவா என்று கேட்டீர்கள். வையுங்கள், ஆனால் தட்டைப் பார்த்து அளக்காதீர்கள், மூலையைப் பார்த்து அளங்கள். அதன் சேமிப்பை எடுத்து எறியவும் வேண்டாம், நமத்ததை மட்டும் பொறுக்குங்கள்.

இதில் ஒரு விசித்திரம். மற்ற எலிகளைப் பட்டினி போட்டுவிட்டு உணவு வைத்தால், விட்டதையும் சேர்த்துத் தின்னும். ஹாம்ஸ்டர் அப்படிச் செய்யாது. வழக்கமான அளவே தின்னும், சேமிப்பதை மட்டும் பல மடங்காக்கும். பசி அதற்கு வயிற்றில் இல்லை, பொந்தில் இருக்கிறது.

இதை முதலில் வாசித்தபோது எனக்கு அப்பாயி ஞாபகம் வந்தார். 1973, 74 பஞ்சத்தில் தோட்டத்தில் மாவு கிடைக்காமல் ஆட்கள் செத்த காலத்தைப் பார்த்தவர். அதற்குப் பிறகு முப்பது வருஷம் இருந்தார். சாப்பாடு என்னவோ ஒரு ரொட்டிதான், ஒருநாளும் கூடச் சாப்பிட்டதில்லை. ஆனால் தோட்ட வீட்டுக் காம்பராவில் (அறையில்) அவர் கட்டிலுக்கு அடியில் எப்போதும் ஒரு டின் மாவு, ஒரு டின் அரிசி. வண்டு விழுந்தாலும் கொட்டவிடமாட்டார். செத்த பிறகு கட்டிலை நகர்த்தினோம், ஏழு டின்.

ஜனவரி 21

பசி என்றதும் இன்னொன்று. மலைநாட்டில் தேயிலைக்கு முன் கோப்பி இருந்தது. அந்தக் காலத்தில் கோப்பி எலி என்று ஒன்று காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக இறங்கித் தோட்டங்களை அழித்தது. இன்றைக்கு விலங்கியலார் கொலுண்டா என்ற பேரினத்தில் வைக்கும் புதர் எலி. தன் எடையைத் தாங்காத மெல்லிய கிளைகளைக் கடித்துக் கீழே விழுத்திவிட்டு, தரையில் வைத்து மொட்டைத் தின்னும், அவ்வளவு கெட்டி. ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம் எலி வரை கொன்றதாக, 1845 முதல் 1850 வரை இங்கே காலனித்துவச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதியிருக்கிறார். அதே இடத்தில் தொழிலாளரைப் பற்றியும் ஒரு வாக்கியம்: அவர்களுக்கு இந்த எலி இறைச்சி மீது அவ்வளவு பிரியமாம், எலி வரும் தோட்டங்களாகப் பார்த்து வேலைக்குப் போகிறார்களாம், தேங்காயெண்ணெயில் பொரித்தோ கறியாக்கியோ தின்கிறார்களாம்.

எலி தின்பதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை, வயல் எலி நல்ல இறைச்சி, தமிழ்நாட்டில் இன்றும் தின்கிறார்கள். எரிச்சல் வேறு இடத்தில். மாத்தளைக் காட்டு வழியே நடந்து வந்து, வழியில் பலரைப் புதைத்துவிட்டு வந்த ஆட்கள் இறைச்சி கிடைக்கும் தோட்டத்தைத் தேடிப் போனதை அந்த மனிதர் ருசி என்று எழுதுகிறார். தட்டில் என்ன இருந்தது என்று பார்த்தார். கட்டிலுக்கு அடியில் பார்க்கவில்லை.

ஜனவரி 28

சின்னக் குறிப்பு. வட ஆப்பிரிக்கா, மத்திய கிழக்கில் மணல் எலி என்று ஒன்று உண்டு. உப்புச் செடியின் இலைதான் சாப்பாடு. இலையின் மேற்பரப்பில் உள்ள உப்பைப் பல்லால் சுரண்டிவிட்டுத் தின்னும். ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் மற்ற எலிக்குக் கொடுக்கும் தானியத் தீனியைக் கொடுத்தார்கள், நீரிழிவு வந்துவிட்டது. மூன்று வேளையும் கோதுமை ரொட்டி தின்று வளர்ந்த எனக்கும் அதே வியாதி. மாத்திரை போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

பிப்ரவரி 3

பக்கத்து வீட்டு அக்கா எலிக்காய்ச்சல் வரும் என்று பயமுறுத்துகிறாராம். அவர் சொல்வதைத் தூக்கிப் போடவும் முடியாது, அப்படியே எடுக்கவும் முடியாது. 2008இல் நாடு முழுக்க ஏழாயிரம் பேருக்கு மேல் எலிக்காய்ச்சல் என்று பதிவானதே, அதன் கிருமி வருவது நோயுள்ள எலி, மாடு போன்றவற்றின் சிறுநீரால். ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் உயிரோடு கிடக்கும், காய்ந்தால் செத்துவிடும். காலில் புண்ணோடு வயலிலும் கானிலும் (வடிகாலிலும்) இறங்குபவர்களுக்குத்தான் முதல் ஆபத்து.

ஹாம்ஸ்டர் அந்தக் கிருமியோடு பிறப்பதில்லை. ஆனால் அது தொற்றினால் ஹாம்ஸ்டர் தாங்காது, சட்டென்று செத்துவிடும். அதனால்தான் இந்த நோயை ஆராய ஆய்வகங்களில் ஹாம்ஸ்டரையே பயன்படுத்துகிறார்கள். ஆகவே அக்காவிடம் சொல்லுங்கள், லயத்துக் கூரையில் ஓடும் எலிதான் உங்கள் ஹாம்ஸ்டருக்கு எமன். கூண்டை உயரத்தில் வையுங்கள், தீனியை மூடிய டின்னில் வையுங்கள். கூண்டு கழுவினால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்லுங்கள், இது மகளுக்கு.

பிப்ரவரி 11

ஜெர்பிலையும் ஹாம்ஸ்டரையும் ஒன்றாகவே பேசுகிறேன் என்று ஒருவர் குறை சொல்லியிருக்கிறார். சரிதான். ஜெர்பிலுக்கு நீண்ட மயிருள்ள வால், ஹாம்ஸ்டருக்கு வால் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஜெர்பில் வாலைப் பிடித்துத் தூக்கினால் தோல் உறை மாதிரிக் கழன்று கையோடு வந்துவிடும், ஒருநாளும் செய்யாதீர்கள். மங்கோலிய ஜெர்பில் குடும்பமாக வாழும், தனியாக வைத்தால் வாடும்.

நம் நாட்டிலேயே ஜெர்பில் இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? என் முதல் நியமனம் புத்தளம் பக்கம். ராத்திரி டோர்ச் அடித்து நடந்தால் மணல் வழியில் துள்ளிக் குறுக்கே ஓடும், வயிறு சுண்ணாம்பு வெள்ளை, வால் நுனியில் கறுப்புக் குஞ்சம். இந்திய ஜெர்பில், உலர் வலயத்துக்காரன். வெள்ளெலி என்ற பெயர் இதற்குத்தான் பொருந்தும், இப்போது சிலர் அதை ஹாம்ஸ்டருக்கு வைத்து எழுதுகிறார்கள். மலையேறினால் ஆள் மாறிவிடும். இங்கே நமக்குச் சொந்தமாக ஒஹியா எலி, உலகத்தில் வேறெங்கும் இல்லை. அதை 1929இல் விவரித்த டபிள்யூ. டபிள்யூ. ஏ. ஃபிலிப்ஸ் ஒரு தேயிலைத் துரை. 1981இல் அதற்கென்று தனிப் பேரினமே வகுத்து, பெயரில் ஸ்ரீலங்காவைச் சேர்த்துவிட்டார்கள். மலையகத்து நம் ஆட்களுக்குப் பிரஜாவுரிமை கிடைக்கவே அதற்குப் பிறகும் இருபது வருஷம் இழுத்தது, எலிக்குச் சீக்கிரம் கிடைத்துவிட்டது.

பிப்ரவரி 12

ஜெர்பில் காலால் தட்டுவதைப் பற்றி எழுத மறந்தேன். ஆபத்து என்றால் பின்னங்கால் இரண்டையும் தரையில் படபடவென்று அடிக்கும், மற்றவை வளைக்குள் பாயும். கங்காரு எலியில் பட்டை வால் இனம் இன்னும் ஒருபடி மேல். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடி, பக்கத்து வளைக்காரன் அடியைக் கேட்டே ஆளை அறியும். பாம்பு வந்தால் பாம்புக்கே கேட்கும்படி தட்டும், உன்னைப் பார்த்துவிட்டேன், போ என்று.

காலையில் ஆட்களை வேலைக்குக் கூட்டும் பிரட்டுக்குத் தப்புப் பறை அடித்த காலம் எனக்கு அரைகுறை நினைவு. தாத்தாவுக்கு முழு நினைவு. பிரட்டுத் தப்பு, சாவுத் தப்பு, திருவிழாத் தப்பு என்று காம்பராவுக்குள் படுத்தபடியே பிரித்துச் சொல்வார். அடிப்பது யார் கை என்றும் சொல்வார்.

பிப்ரவரி 26

தலவாக்கலைத் தம்பி படம் அனுப்பியிருக்கிறார். பழைய மீன்தொட்டி, பத்து அங்குலம் கடிதாசிக் கீற்று, கண்ணாடியை ஒட்டிச் சுரங்கம் தெரிகிறது, அதன் முடிவில் ஒரு குவியல் சூரியகாந்தி விதை. பிள்ளை அந்த இடத்தில் கண்ணாடிக்கு வெளியே "ஸ்டோர்" என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். நல்லது.

என் மகன் இந்த இழையை வாசித்துவிட்டான். கட்டாரிலிருந்து நேற்று ராத்திரி எடுத்தான். எனக்கு வியர்த்துவிட்டது. அவன் ஒன்றும் கோபப்படவில்லை. "அது செத்துத்தான்ப்பா இருந்துச்சு. நான்தான் டின்ன மூடினேன், மூடுறதுக்கு முன்னால கால மடக்கிப் பார்த்தேன், மடங்கல" என்றான். என் நினைவில் மடங்கியது. அவனுக்கு அப்போது எட்டு வயது, எனக்கு நாற்பத்தைந்து. இரண்டையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

"அப்புறம், அது பேரி மரம் இல்லப்பா, பிளம்ஸ் மரம்" என்றும் ஒரு திருத்தம் சொன்னான். இன்று காலை முற்றத்துக்குப் போய்ப் பார்த்தேன். பேரி மரம்தான்.